நல்ல தண்ணீர் வந்த பன்னிரண்டாம் நாள்

அன்று காலை ஆறரை மணிக்குக் குழாயைத் திறந்த வீடுகளில் யாரும் முதலில் தண்ணீரைச் சந்தேகப்படவில்லை; பக்கத்தில் நின்றவரைத்தான் சந்தேகப்பட்டார்கள். ஓட்டுநர் வீட்டில் அவர் பல் துலக்கக் குனிந்ததும் மனைவி இரண்டடி பின்வாங்கி, வயிறு சரியில்லையா என்று கேட்டிருக்கிறார். மாடி வீட்டில் மாமனாரும் மருமகனும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஆளுக்கொரு ஜன்னலைத் திறந்திருக்கிறார்கள். மூலை வீட்டு ஆசிரியை மட்டும் தனியாக இருப்பவர் என்பதால், குற்றம் சாட்ட ஆள் கிடைக்காமல் முகர்ந்துகொண்டே போய்க் குழாயடியில் நின்றார். அழுகிய முட்டை. ஒன்றல்ல, ஒரு கூடை. வாளியைக் கவிழ்த்துவிட்டு அவர் போட்ட சத்தத்தில்தான் தெரு முழுவதற்கும் ஒரே சமயத்தில் விஷயம் புரிந்தது.

புரியாத வீடு ஒன்றே ஒன்றுதான். அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்து அனுப்புகிறவள் இருந்த வீடு.

தொட்டியக்கா என்று தெரு அழைக்கும் அவள் ஆறு மணிக்கே எழுந்து, அதே குழாயில் முகம் கழுவி, அதே தண்ணீரில் தேநீர் போட்டு, தன் பங்கைக் குடித்தும் முடித்திருந்தாள். கணவரின் கோப்பையைத் தையல் மேசையில் வைத்துவிட்டு, வேலைக்குப் போகத் தலைவாரிக்கொண்டிருந்தாள். தையற்காரர் எழுந்து வந்து ஒரு வாய் குடித்தார். துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் மனைவியைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் தான் செய்த தப்பெல்லாம் அந்த ஒரு வாயில் வரிசையாக வந்து நின்றதாகப் பிற்பாடு அவரே துணி தைக்க வந்தவர்களிடம் சொன்னார். எந்தத் தப்புக்கு இந்தத் தண்டனை என்பதுதான் பிடிபடவில்லையாம்.

"என்ன, சக்கரை போதலையா?" என்று அவள் கேட்டாள்.

அவர் பதில் தேடுவதற்குள் கதவு இடிபட்டது. வந்தது அவருடைய தங்கை. எதிர்வீடு. தொட்டியக்காவுக்கு நாத்தனார். தெருவில் எந்த அடுப்பில் எது அடிப்பிடித்தாலும், அடுப்புக்கு உரியவளுக்கு முன்னால் இவளுக்குத் தெரிந்துவிடும். அப்படி ஒரு மூக்கு. அந்த மூக்கின் மேல் இப்போது ஒரு துவாலை.

"அண்ணி, உங்க தொட்டியில என்ன செத்துக் கிடக்கு?"

தொட்டியக்கா சீப்பைப் பிடித்தபடி நின்றாள். நாத்தனாரின் துவாலையைப் பார்த்தாள். கணவரின் உப்பிய கன்னத்தைப் பார்த்தாள். காலிசெய்து கவிழ்த்து வைத்திருந்த தன் கோப்பையைப் பார்த்தாள். அவளுக்கு மட்டும் தெரிந்த ஒரு சங்கதி இருந்தது.

சங்கதி இதுதான். ஒன்பது மாதத்துக்கு முன்னால் வந்த ஒரு காய்ச்சல், போகும்போது அவளுடைய மூக்கையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. மூக்கு முகத்தில்தான் இருந்தது, வேலைதான் செய்யவில்லை. சோப்பும் சாக்கடையும் ஒன்றாகிவிட்டன. சளி விட்டால் திரும்பும் என்று ஒரு மாதம் காத்திருந்தாள். பிறகு காத்திருப்பதை விட்டுவிட்டு மறைக்கத் தொடங்கினாள்.

ஏன் மறைத்தாள் என்றால், வெட்கம் பாதி, வேலை பாதி. தண்ணீர் நிலையத்தை இயக்குகிறவருக்கு இருக்க வேண்டிய தகுதிகள் என்று அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கும் தாளில், கண்பார்வைக்கு அடுத்தபடியாக மோப்பமும் இருக்கிறது. அது இல்லையென்று தெரிந்தால் அன்றைக்கே சாவியை வாங்கிக்கொள்வார்கள். பதினெட்டு வருடம் கணவரின் மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பொத்தான் தைத்தவள், நாற்பது வயதில் பரீட்சை எழுதி வாங்கிய சாவி அது. தையற்காரர் சம்சாரமாக இருந்தவள் தொட்டியக்கா ஆனதே அதற்கப்புறம்தான். அதைக் கொடுத்துவிட்டு மறுபடி பொத்தானுக்குத் திரும்புவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆகவே அடுப்பில் எதை வைத்தாலும் கடிகாரத்தைப் பார்த்து இறக்கினாள். பால் கெட்டுவிட்டதா என்று கணவரிடம் நீட்டி, உங்க மூக்குதான் மூக்கு என்பாள். அவர் சொல்லும் பதிலைக் கேட்க மாட்டாள், முகம் சுளிக்கிறதா என்று மட்டும் பார்ப்பாள். ஒன்பது மாதத்தில் மற்றவர்களின் முகத்தை வைத்தே உலகத்தை முகரப் பழகிவிட்டாள். தையற்காரருக்கோ இதில் வேறொரு லாபம். மனிதர் திருட்டுத்தனமாகச் சிகரெட் பிடிப்பவர். முன்பெல்லாம் தெருமுனையில் பிடித்துவிட்டு வாயைக் கொப்பளித்து வந்தாலும் வாசலிலேயே அகப்படுவார். சமீபமாக மனைவி ஒரு வார்த்தை கேட்பதில்லை. வயதாக ஆக அவளுக்கு மனம் கனிந்துவிட்டதென்று முடிவுகட்டி, தெருமுனையிலிருந்து கொல்லைக்கும், கொல்லையிலிருந்து கூடத்துக்கும் படிப்படியாகக் குடிவந்திருந்தார்.

இனி அந்தத் தொட்டிகள். தெருக்கோடியில் ஒரு சுற்றுச்சுவர், அதற்குள் மூன்று ஆள் உயரத்தில் மூடிய இரும்பு உருளைகள் இரண்டு. ஊரைச் சுற்றி வயல்கள். வயலில் கொட்டிய உரம் மண்ணில் இறங்கி, கிணற்றுத் தண்ணீரில் நைட்ரேட்டாக வந்து நிற்கிறது. பச்சைக் குழந்தைகளுக்கு அது ஆகாது. உருளைகளுக்குள் மஞ்சள் கந்தகக் கற்களும் வெள்ளைச் சுண்ணாம்புக் கற்களும் நிரம்பியிருக்கின்றன. கற்களின் மேல் வழவழப்பாகக் குடியிருப்பது கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக் கூட்டம். கந்தகம் அவர்களுக்குச் சாப்பாடு, நைட்ரேட் அவர்களுக்கு மூச்சு என்று நிலையத்தைக் கட்டிக்கொடுத்த பொறியாளர் அம்மாள் விளக்கியிருந்தார். நாம் காற்றை இழுப்பதுபோல் அவர்கள் நைட்ரேட்டை இழுத்து, காற்றில் ஏற்கெனவே கிடக்கிற வெறும் நைட்ரஜனாகக் குமிழ் விடுவார்கள். அந்த வேலையில் உண்டாகும் புளிப்பைச் சுண்ணாம்பு பார்த்துக்கொள்ளும்.

தொட்டியக்காவுக்கு அவர்களைப் பிடித்துப்போயிற்று. எதிர்த்துப் பேசாத, வாடகை பாக்கி வைக்காத, கோடிக்கணக்கான குடித்தனக்காரர்கள். காலையும் மாலையும் மேல்வால்வைத் திருகி, சேர்ந்திருக்கும் குமிழ்களை வெளியே விடுவாள். ஏப்பம் ஆச்சா என்று உருளையைத் தட்டி விசாரிப்பதை ஓட்டுநர் மனைவியே கண்ணால் பார்த்திருக்கிறார்.

கண்டிப்பான விதி ஒன்று உண்டு. நைட்ரேட்டை முழுக்கத் துடைத்துவிடக் கூடாது. வெளியே வரும் தண்ணீரில் கெடுதல் செய்யாத அளவுக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும். பூஜ்யம் வந்தால் உள்ளே இருப்பவர்களுக்கு மூச்சு முட்டுகிறது என்று பொருள். அவர்கள் ஓய்ந்தால், அதே கற்களின் இடுக்கில் பதுங்கியிருக்கும் வேறொரு கூட்டம் தலையெடுத்து அழுகின முட்டை வாயுவைக் கிளப்பும். ஆகவே பூஜ்யத்தைக் கண்டால், சோதனைக்குத் தண்ணீர் பிடிக்கும் மாதிரிக் குழாயில் மூக்கை வை. லேசாக நாறினாலும் ஓட்டத்தைக் கூட்டு. இவ்வளவுதான்.

பன்னிரண்டு நாளைக்கு முன் மேற்பார்வையாளர் ஒரு புதுக் கிணற்றைத் திறந்தார். பேச்சுக்குப் பேச்சு சுத்தம் சுத்தம் என்பதால் அவருக்குச் சுத்தம் சார் என்றே பெயர். உரம் எட்டாத ஆழத்திலிருந்து வரும் தண்ணீர். நைட்ரேட் பழைய கிணற்றில் இருந்ததில் கால்வாசிகூட இல்லை. அதையும் உருளை வழியாகவே விடச் சொன்னார். ஓட்டத்தையும் பாதியாகக் குறைக்கச் சொன்னார். மெதுவாகப் போனால் சுத்தத்துக்கு மேல் சுத்தமாகும் என்பது அவர் கட்சி. மறுநாளே சோதனையில் பூஜ்யம். அதைப் படமெடுத்து மேலிடத்துக்கு அனுப்பினார். பாராட்டுக் கடிதம் வந்தது, சட்டம் போட்டு மாட்டினார். தொட்டியக்கா தினமும் பூஜ்யத்தைப் பார்த்தாள், தினமும் முறைப்படி மூக்கை வைத்தாள், மணம் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினாள். அவளைப் பொறுத்தவரை அது பொய்யும் இல்லை. தெருவுக்குப் போகுமுன் தண்ணீரில் சொட்டுகிற குளோரின் இத்தனை நாள் அந்த நாற்றத்தை எப்படியோ அமுக்கி வைத்திருந்தது. அன்று காலை அதுவும் கைவிரித்துவிட்டது.

ஏழு மணிக்கு நிலையத்தின் வாசலில் நாற்பது பேர். ஆளுக்கொரு பாத்திரம், ஆளுக்கொரு கைக்குட்டை. தொட்டியக்கா பூட்டைத் திறந்து உள்ளே போனாள். தெருவுக்கு அடியில் ஓடும் குழாயில் எங்கோ எதுவோ கலந்திருக்க வேண்டும், தன் உருளைகள் அப்படிச் செய்யாது என்று நம்பினாள். நம்பித்தான் ஆக வேண்டியிருந்தது. எல்லோரும் பார்க்க மாதிரிக் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்தாள். நிதானமாக மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி முகர்ந்தாள். கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

"எங்கிட்டேருந்து போற தண்ணி நல்லாத்தான் இருக்கு."

கூட்டம் உறைந்துபோனது. நாற்பது வாயும் ஒரே அளவுக்குத் திறந்திருந்தன. ஓட்டுநர் மனைவி சுவர்ப்பக்கம் திரும்பி வாந்தி எடுத்தார். ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார், தான் பார்த்தது சரிதானா என்று. கூட்டத்தின் முன்வரிசையிலிருந்து நாத்தனார், தன் வாழ்நாளில் முதல் தடவையாகத் தணிந்த குரலில் பேசினாள்.

"அண்ணி, அதுலேருந்துதானே வருது."

தொட்டியக்கா கூட்டத்தை நிமிர்ந்து பார்த்தாள். அவள் படித்த முகங்களில் இவ்வளவு தெளிவாக எழுதியிருந்த முகங்கள் இதுவரை வந்ததில்லை. நாற்றம் தெருக்குழாயில் இல்லை. அவள் குடித்து முடித்த டம்ளரில்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்துச் சுத்தம் சாரின் வண்டி வந்தது. கைக்குட்டையை மூக்கில் அழுத்தியபடி இறங்கினார். எலி செத்திருக்கும் என்றார். பூனை என்றார். கடைசியில் உருளையையே ஒருமுறை காலிசெய்து கழுவிவிட்டால் தீர்ந்தது என்றார். காலிசெய்ய வேண்டுமானால் உருளைகளுக்குக் கீழே இரண்டாள் ஆழத்தில் இருக்கும் குழிக்குள் இறங்கி வடிகால் வால்வைத் திறக்க வேண்டும். அதற்கென்று இருப்பவர் வால்வுக்காரர். ஆள் வாட்டசாட்டம், பேச்சோ ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை. மீதியை அவர் மனைவி பேசிவிடுவாள். மனைவி யாரென்றால், நம் நாத்தனார்தான். அந்த முறையில் அவர் தொட்டியக்காவுக்கு அண்ணன்.

குழிக்குள் ஆள் இறங்குமுன் வாயுமானியைக் கயிற்றில் கட்டிக் கீழே விட்டுப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். வாயுமானி பழுதுபார்க்கப் போய் நாலு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து அதன் இடத்தில் இருந்தது தொட்டியக்காவின் மூக்கு. வாரம் ஒருமுறை அவள் குழியின் வாயில் மண்டியிட்டு முகர்ந்து பார்த்துத் தலையசைப்பாள், வால்வுக்காரர் இறங்குவார். முதல் தடவை தலையசைத்துவிட்டு, அவர் ஏறி வரும்வரை அவள் குழியின் விளிம்பைவிட்டு நகரவில்லை. ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது தடவையும் ஆகவில்லை. பழகிப்போயிற்று. அன்று வரை பதினாறு தடவை.

சுத்தம் சாரும் வால்வுக்காரரும் சேர்ந்து குழியின் இரும்பு மூடியைப் புரட்டித் தள்ளினார்கள். வாசலில் நின்ற கூட்டம் அலைபோல் பின்னால் போனது. யாரோ இருமினார்கள், ஒரு குழந்தை அழுதது. குழியருகே நின்ற இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைக் கசக்கினார்கள். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் இருக்கலாம். சுத்தம் சார் மெல்லக் கைக்குட்டையை எடுத்தார். ஒருமுறை இழுத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

காற்றுப் பட்டதும் எல்லாம் கலைந்துவிட்டது, நாற்றமே இல்லை என்று அறிவித்தார். வால்வுக்காரரும் முகர்ந்து பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினார். பிறகு ஏணியின் முதல் படியில் ஒரு காலை வைத்து, வழக்கம்போலத் தொட்டியக்காவைப் பார்த்தார்.

"இறங்கட்டுமாம்மா?"

அவள் இறங்கு என்று சொல்லியிருப்பாள். பதினாறு தடவை சொன்னவளுக்குப் பதினேழாவது ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஆனால் அவள் பார்த்தது குழியை அல்ல. குழிக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் தோட்டத்தில் நிற்பவர்களைப் போல மூச்சை இழுத்து விடுகிறார்கள். முப்பதடி தள்ளி வாசலில் நிற்பவர்கள் அத்தனை பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு தவிக்கிறார்கள். நாத்தனாரின் துவாலை இன்னும் இறங்கவில்லை. நெருப்புக்குப் பக்கத்தில் இருப்பவனுக்குக் குளிர்கிறது, தூரத்தில் இருப்பவனுக்குச் சுடுகிறது என்றால் எப்படி?

பொறியாளர் அம்மாள் போகிற போக்கில் சொன்னது ஒன்று அப்போது ஞாபகம் வந்தது. பள்ளத்தில் தேங்குகிற இந்த வாயு கொஞ்சமாக இருந்தால் நாறும். அதிகமானால் முதலில் மூக்கைக் கொல்லும், ஆளை அப்புறம்தான்.

"வேண்டாம்ணே" என்றாள்.

ஏன் என்று சுத்தம் சார் கேட்டார். நாற்றம் இருக்கிறது என்றாள். அவர் சிரித்தே விட்டார். எனக்கு இல்லை, இவருக்கு இல்லை, உங்களுக்கு மட்டும் எங்கேயிருந்து வந்தது என்று கேட்டவர், கூட்டத்துக்கும் கேட்கும்படியாகக் குரலை உயர்த்தினார்.

"ஊரே ஓடினப்போ ஒரு டம்ளர் குடிச்சுட்டு நல்லா இருக்குன்னீங்க. இப்ப ஒண்ணுமே இல்லாத இடத்துல நாறுதுங்கறீங்க. எதை நம்பறது நாங்க?"

கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். வால்வுக்காரருக்கு வேலை முடிந்து வீட்டுக்குப் போக வேண்டும். இரண்டாவது காலையும் ஏணியில் வைத்து, நாலு படி இறங்கினார். தலை மட்டும் குழிக்கு வெளியே தெரிந்தது.

தொட்டியக்காவுக்குத் தான் குடித்த டம்ளர் தன் வாயையே அடைத்துவிட்டது தெரிந்தது. இனி நாறுகிறது என்று எத்தனை தடவை சொன்னாலும் எடுபடாது. எடுபடக்கூடிய வாக்கியம் ஒன்றுதான் இருந்தது. ஒன்பது மாதமாகச் சொல்லாமல் காத்து வந்தது. அவள் மண்டியிட்டு வால்வுக்காரரின் சட்டைக் காலரை இரண்டு கையாலும் பற்றினாள்.

"அண்ணே, நாத்தம் போகலை. உங்க மூக்குதான் போயிருக்கு. எனக்கு ஒன்பது மாசமா அப்படித்தான்."

 

முதலில் அசைந்தது வால்வுக்காரர். மனைவி நிற்கும் பக்கம் பார்த்தார். துவாலைக்கு மேல் தெரிந்த அவள் கண்களைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் ஏறி வெளியே வந்தார். வந்தவர் வாசல் பக்கம் போய்த் தரையிலேயே உட்கார்ந்தார். சுத்தம் சார் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கண் இரண்டும் சிவந்து நீர் வழிந்துகொண்டிருப்பதை யாரோ சுட்டிக்காட்டிய பிறகு, பேச்சை நிறுத்திவிட்டு வாசல் வரை ஓட்டமும் நடையுமாக வந்தார்.

தீயணைப்பு வண்டி வர அரைமணி நேரம் ஆனது. அவர்களிடம் வேலை செய்கிற வாயுமானி இருந்தது. கயிற்றில் கட்டி இறக்கினார்கள். பாதிக்கயிறு போவதற்குள் அது வீறிட்டது. தெருவில் நாய்கள் எழுந்து நின்றன. தலைவர் போல இருந்தவர் மேலே இழுத்து முகப்பைப் பார்த்தார், பக்கத்தில் நின்றவரிடம் காட்டினார், யார் இறங்குவதாக இருந்தது என்று கேட்டார்.  தரையில் உட்கார்ந்திருந்த வால்வுக்காரர் கையை மட்டும் தூக்கினார்.

"ரெண்டு மூச்சு விட்டிருப்பீங்க" என்றார் தீயணைப்புத் தலைவர். "மூணாவது கிடையாது."

நாத்தனார் கூட்டத்தைவிட்டு வந்தாள். கணவரின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் ஐந்து நிமிடம் தொடர்ச்சியாகப் பேசாமல் இருந்ததைக் கண்டு தெரு, வாயுமானி அலறியதற்கு அதிர்ந்ததைவிட அதிகமாக அதிர்ந்தது என்று சொன்னால் மிகையில்லை.

தையற்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மனைவியிடம் வந்தார். மனிதர் வெளுத்திருந்தார். உனக்கு ஒன்றுமில்லையே என்று கேட்க வந்தவருக்கு வாயில் வேறொன்று வந்துவிட்டது.

"அப்ப அந்த சிகரெட்டெல்லாம்... நீ மன்னிச்சு விட்டது இல்லையா?"

"எந்த சிகரெட்?" என்றாள் அவள்.

இதற்குமேல் அங்கே நிற்பது உசிதமில்லை என்று அவர் கூட்டத்துக்குள் போய்க் கரைந்தார்.

பத்து மணிக்குச் சுத்தம் சார் மேலிடத்தோடு பேசி முடித்துவிட்டு வந்து, சாவியைக் கேட்டார். தொட்டியக்கா கொடுத்தாள். பணியிலிருந்து நிறுத்தப்பட்டவர் வளாகத்துக்குள் இருக்கக் கூடாது என்பதும் சட்டம். அவள் வாசற்கதவுக்கு வெளியே போய் நின்றாள். வீட்டுக்குப் போகவில்லை. பத்தேகால் மணிக்குச் சுத்தம் சார் கதவுக் கம்பிகளுக்குப் பக்கத்தில் வந்து, பொதுவாக வானத்தைப் பார்த்துப் பேசுகிறவர் போல, கற்களையெல்லாம் வாரிக் கொட்டிவிட்டுக் குளோரினால் கழுவலாம் என்றிருக்கிறேன் என்றார். இதுவும் சுத்தம்தான்.

"கழுவினா மிச்சம் மீதி உசிரோட இருக்கறவங்களும் போயிடுவாங்க. பழைய கிணத்தைத் திறங்க. முழு ஓட்டம் விடுங்க."

அந்தக் கெட்ட தண்ணீரையா என்று அவர் திகைத்தார். அவர்களுக்கு அதுதான் மூச்சு என்றாள் அவள். நல்ல தண்ணீரை விட்டுத்தான் இத்தனை நாள் கழுத்தை நெரித்தோம். மூச்சுக் கிடைத்தால் உள்ளே இருக்கும் நாற்றத்தையும் அவர்களே தின்றுவிடுவார்கள். கந்தகம் எந்த ரூபத்தில் வந்தாலும் அவர்களுக்குச் சாப்பாடுதான். சுத்தம் சார் உள்ளே போய்ப் பழைய கிணற்றைத் திறக்கச் சொன்னார். சுவரில் மாட்டியிருந்த பாராட்டுக் கடிதத்தை அன்று மதியம் யார் கழற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆணி மட்டும் இருக்கிறது.

முதுகில் காற்று உருளை மாட்டிய இரண்டு பேர் குழியில் இறங்கி வடிகாலைத் திறந்தார்கள். பழைய கிணற்றின் மோட்டார் ஓடத் தொடங்கியது. தெருவுக்குப் போகும் குழாயை அடைத்துவிட்டு, உருளையிலிருந்து வருவதையெல்லாம் சாக்கடைக்கு விட்டார்கள். எவ்வளவு திருக வேண்டும், எப்போது குமிழை வெளியேற்ற வேண்டும் என்று எல்லாம் கம்பிக்கு வெளியிலிருந்து உத்தரவு போனது. உள்ளே உத்தியோகத்தில் இருப்பவர் நிறைவேற்றினார்.

முகர்ந்து பார்க்கத்தான் ஆள் இல்லை. குழியருகே நின்ற இருவருக்கும் மூக்கு இன்னும் திரும்பவில்லை. தொட்டியக்கா நாத்தனாரைக் கூப்பிட்டாள். அவள் மறுபேச்சில்லாமல் உள்ளே போனாள். ஒரு மணிக்கு ஒருமுறை மாதிரிக் குழாயில் பிடித்து முகர்ந்துவிட்டு, அண்ணி இருக்கு, அண்ணி குறைஞ்சிருக்கு என்று கத்துவாள். தெரு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. மாலை ஐந்து மணிக்கு, இல்லை என்று குரல் வந்தது. சுத்தம் சார் தெருக்குழாயைத் திறக்க ஓடினார்.

"திறக்காதீங்க" என்றாள் தொட்டியக்கா. பிறகு நாத்தனாரிடம், "நீ வெளிய வா. கால் மணி நேரம் இங்க நில்லு. அப்புறம் போய் மறுபடியும் மோந்து பாரு."

அவள் வெளியே வந்து நின்றாள். கால் மணி நேரம் கழித்து மறுபடி போய் முகர்ந்தாள். இப்போதும் இல்லை. சோதனைக் குழாயில் நைட்ரேட் பூஜ்யத்துக்கு மேலே, அளவுக்கு உள்ளே நின்றது. அதைக் கேட்டதும்தான் தொட்டியக்கா கம்பியிலிருந்து கையை எடுத்தாள். சுத்தம் சார் ஒரு தாளைக் கம்பி வழியாக நீட்டினார். பொறுப்பை ஒப்படைத்ததாகக் கையெழுத்து. போட்டாள். மருத்துவரிடம் போய்ச் சான்று வாங்கி வாருங்கள், மேலே பேசிப் பார்க்கிறேன் என்றார். என்ன சான்று வரும் என்பது இருவருக்கும் தெரியும்.

நாத்தனாரும் அவளும் சேர்ந்து வீட்டுக்கு நடந்தார்கள். பாதித் தெரு வந்ததும் நாத்தனார் நின்றாள். ஏன் அண்ணி என்னிடம் சொல்லவில்லை என்றாள். சொல்லியிருந்தால் தினமும் நானே வந்து முகர்ந்து கொடுத்திருப்பேனே என்றாள். உன்னிடம் சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரிதானே என்று தொட்டியக்கா சொல்ல, தெரிந்தால் என்ன, மூக்குதானே, கற்பா போயிற்று என்று நாத்தனார் சண்டைக்கு வந்தாள். அப்புறம் குரல் இறங்கியது.

"இன்னிக்கு மட்டும்தானே அண்ணி இப்படி? இதுக்கு முன்னாடி அவர் இறங்கினப்பல்லாம் பாத்துத்தானே விட்டீங்க?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாவி போன பிறகு இனி இழப்பதற்கு மிச்சமிருந்தது எதிர்வீட்டு உறவு ஒன்றுதான்.

"பதினாறு தடவை" என்றாள் தொட்டியக்கா. "ஒண்ணுகூடப் பாத்து விடலை."

நாத்தனாரின் முகம் வெளுத்ததை அவள் பார்த்தாள். கத்துவாள், அடித்தாலும் அடிப்பாள் என்று நின்றாள். நாத்தனார் தன் வீட்டு வாசலைக் கையால் காட்டினாள்.

"நான் சொல்ல மாட்டேன். என்னால முடியாது. நீங்களே போய் அவர்கிட்ட சொல்லுங்க."

கதவு திறந்துதான் இருந்தது. வால்வுக்காரர் கூடத்து நாற்காலியில், காலணியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். தொட்டியக்கா உள்ளே போய் அவருக்கு எதிரே நின்றாள். அண்ணே, ஒன்று சொல்ல வேண்டும் என்று தொடங்கி, நாலு மாதம், வாரம் ஒரு தடவை, பதினாறு தடவை என்று நிறுத்தாமல் சொல்லி முடித்தாள். அவர் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"பதினாறு இல்லம்மா, பதினேழு" என்றார். "மோட்டார் மாத்தின வாரம் ரெண்டு தடவை இறங்கினேன். மத்தியானத்துலேருந்து அதைத்தான் எண்ணிக்கிட்டு இருக்கேன்."

பிறகு எதிரே இருந்த நாற்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளினார்.